ஒரு மாத்திரைக்கு ஒரு தூறல்

உப்பு விளைகிற ஊரில் மழையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்கிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லாவிட்டால் கிறுக்கனாக இருப்பான் என்பது எங்கள் ஓடைமுனையில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அந்த ஐப்பசியில் கடலுக்கு மேல் கறுத்துத் திரண்ட மேகம் கரை வரைக்கும் வந்து, எங்கள் உப்பளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய் முள்ளிப்பட்டியில் கொட்டித் தீர்த்தபோது நாங்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. முள்ளிப்பட்டிச் சாலையில் மழை முடிகிற கோடு வரை நடந்துபோய், கோட்டுக்கு இந்தப் பக்கம் காய்ந்த மண்ணில் நின்றபடி கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டிக் கழுவிக்கொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம்.

மழைக்காலத்தில் எங்களுக்கு வேலை கிடையாது. குவித்து வைத்த உப்பு அம்பாரத்துக்குப் பனையோலை வேய்ந்துவிட்டு, தை பிறக்கும் வரை நகையை அடகுக்கடைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். அந்த வருஷம் ஐப்பசியிலும் உப்பு வாரினோம், கார்த்திகையிலும் வாரினோம். அளத்து முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சிக்கு முகத்தில் ஒரு தேஜஸ் வந்தது, எங்கள் பெண்களுக்குக் கழுத்தில் சங்கிலி திரும்பி வந்தது. காரணம் என்னவென்று யாரும் கேட்கவில்லை. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊர் இல்லை எங்களுடையது.

காரணம் சொர்ணகனியின் நெற்றிக்குள் இருந்தது.

சொர்ணகனி தங்கப்பழம் அண்ணாச்சியின் அளத்தில் பதினாறு வயதிலிருந்து உப்பு வாருகிறவள். உப்பின் வெள்ளை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். அதைப் பார்த்துப் பார்த்து அவளுடைய வலது கண் ஏற்கெனவே பூ விழுந்து அவிந்துபோயிருந்தது. எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு அப்படித்தான் என்பதால் அதை யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை. இடது கண் மட்டும் மிச்சம். அந்த இடது கண்ணின் புருவத்துக்கு மேலேதான் அவளுக்கு ஒரு வலி வந்து உட்கார்ந்தது. குனிந்தால் இடிக்கும், நிமிர்ந்தால் பிசையும், படுத்தால் உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவார்கள். உப்பு வாருகிறவளுக்கு நாள் முழுக்கக் குனிவதுதான் தொழில்.

வலிக்கும் மழைக்கும் முடிச்சுப் போட்டது பெண்கள்தான். சொர்ணகனி தங்கச்சி மகள் காதுகுத்துக்குக் கோவில்பட்டிக்குப் போன அன்றைக்கு எங்கள் ஊரில் சட்டிசட்டியாக ஊற்றியது. கோவில்பட்டியில் பந்தல் மேல் ஒரு சொட்டு விழவில்லை. அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இங்கே வெளுத்தது. இரண்டாம் தடவை அவள் ஒரு துஷ்டிக்கு, சாவு வீட்டுக்கு, போனபோதும் அப்படியே. பிறகு, செல்வின் மெடிக்கலில் அவள் தலைவலி மாத்திரை வாங்கிப் போட்ட நாட்களும், வெயிலுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு தூறல் வந்து பாத்தியில் புள்ளி வைத்துவிட்டுப் போன நாட்களும் ஒன்றேதான் என்று தெரிந்தது. ஒரு மாத்திரைக்கு ஒரு தூறல். அரை மாத்திரைக்கு வெறும் மூடாப்பு. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் ஒரு சாரல். வலி இருக்கிற வரை வானம் எங்கள் ஊரை அண்டாது, வலி குறைந்தால் அந்த அளவுக்கு மட்டும் அண்டும்.

இதைக் கேட்டு ஊர் ஆச்சரியப்பட்டது என்று எழுதினால் பொய். ஊர் காரியத்தில் இறங்கியது.

"தம்பி, தலவலி மாத்திர ஒண்ணு குடு" என்று சொர்ணகனி மெடிக்கல் வாசலில் போய் நின்றபோது, செல்வின் அவள் முகத்தைப் பார்க்காமல் கல்லாவைத் துடைத்தான்.

"ஸ்டாக் இல்ல மதினி."

"அந்தா கண்ணாடிக்குள்ள இருக்கே."

"அது வயித்துவலிக்கு."

"எனக்கு ஒத்தக் கண்ணுதான்யா இருக்கு. ஆனா அது நல்லாத் தெரியுது."

செல்வினும் பாவம், அவனுடைய மச்சானுக்கு இரண்டு பாத்தி இருந்தது. அந்த வாரமே ஊரில் வேலியோரம் இருந்த நொச்சிச் செடியெல்லாம் வேரோடு போனது. கொசு வந்தாலும் பரவாயில்லை என்று நாங்களே பிடுங்கினோம். சுக்கு அரைத்துப் பற்றுப் போடுகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அரைத்தார்கள். சிரித்தால் அவளுக்கு வலி ஒரு மாற்றுக் குறைகிறது என்று யாரோ கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, அவள் இருக்கிற இடத்தில் யாரும் கேலி பேசுவதில்லை என்று ஆயிற்று. எங்கள் ஊரில் மதினியைக் கண்டால் கொழுந்தன்மார் வாய் சும்மா இருக்காது. ஆனால் சொர்ணகனி வந்தால் பேச்சு அடங்கி, எல்லோரும் விலைவாசியைப் பற்றியும் செத்துப்போனவர்களைப் பற்றியும் பேசினார்கள்.

இதெல்லாம் அவள் மேல் பிரியம் இல்லாமல் செய்தது இல்லை. அவளுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த மரியாதை கலெக்டருக்குக் கூடக் கிடைத்திருக்காது. கல்யாண வீட்டில் பந்தலுக்கு நடுவே அவளுக்கு நாற்காலி, அம்மன் கொடைத் திருவிழாவில் சாமியாடிக்கு அடுத்து அவளுக்கு மாலை, கட்சிக் கூட்டம் என்றால் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் அவள், பேச்சாளர் மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால், "அம்மாவுக்கு வலிக்குதா, நல்லா வலிக்குதா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்வார். பக்கத்து ஊர்க் கபடிப் போட்டிக்குக் கூட அவளை வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள், மேலே வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், ஜனம் நிம்மதியாகக் கைதட்டும்.

அவள் புருஷன் தவசிமுத்துவை அண்ணாச்சி அளத்துக்குக் கங்காணி ஆக்கினார். அதுவரை தலையில் உப்புப் பெட்டி சுமந்தவன் கையில் ஒரு குடையும் வாயில் ஒரு விசிலும் வந்தன. நல்ல மனுஷன்தான். ராத்திரியில் அவள் முனகினால் எழுந்து விசிறிவிடுவான். விசிறிக்கொண்டே, "இந்த ஒரு வாரு மட்டும் பொறுத்துக்கோளா" என்பான். வாரு என்றால் பாத்தியில் விளைந்த உப்பை ஒரு தடவை வாரி எடுப்பது; அந்த வாரு முடிந்தால் அடுத்த வாரு இருக்கும்.

மூன்றாம் வருஷம் அவளுடைய இடது கண் முன்னால் பிதுங்கிக் கீழே இறங்கத் தொடங்கியது. புளியில் கொட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். உப்பு அம்பாரம் புகை மூட்டமாகத் தெரிகிறது என்றாள். ஊசியில் நூல் கோக்க அடுத்த வீட்டுக்குப் போனாள். அவள் பயந்தது அப்போதுதான். வலியை அவள் ஒரு சோறு தின்னுகிற மிருகம் என்று நினைத்து வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் தின்னும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. எங்கள் வேன்காரர்கள் யாரும் அவளை ஏற்றமாட்டார்கள் என்று தெரிந்து, கடலுக்கு மேல் மேகம் இல்லாத ஒரு காலையில் முள்ளிப்பட்டி வரைக்கும் நடந்தே போய், அங்கே பஸ் பிடித்து, டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே காது மூக்கு தொண்டை டாக்டர் ஹெப்சிபா அவளைக் குழாய்க்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, இடது புருவத்துக்கு மேலே சுண்ணாம்பு உருண்டை போல வெள்ளையாக இருந்த ஒன்றைப் பேனாவால் சுற்றிக் காட்டினார்.

"நெத்தி எலும்புக்குள்ள எல்லாருக்கும் காத்து நிக்கிற ஒரு அறை உண்டும்மா. ஒங்களுக்கு அந்த அறைக்குள்ள ஒரு எலும்புக்கட்டி வளந்திருக்கு. புத்துநோய் இல்ல, வேற எங்கயும் பரவாது. தீங்கில்லாத கட்டின்னு சொல்லுவோம். ஆனா அது வளர எடம் வேணும்லா, அதுக்காகக் கண்ணத் தள்ளுது. பின்னால மூளப் பக்கமும் சாயுது. விட்டா பார்வ போயிரும்."

"இது உப்புக்கட்டியா டாக்டரம்மா?"

"இல்லம்மா. எலும்புதான். யானத் தந்தம் கணக்கா கெட்டி."

"மூக்கு வழியா எடுத்துருவாகன்னு டிவியில சொன்னாகளே."

"சின்னதா, மூக்குப் பக்கத்துல இருந்தா குழாய் விட்டு எடுத்துருவோம். ஒங்களது பெருசு, ஓரமாப் போயிருக்கு. தலமுடிக்குள்ள ஒரு காதுல இருந்து மறு காது வரைக்கும் கீறி, நெத்தித் தோல கீழ மடக்கிட்டு, எலும்புல ஒரு சன்னல் வெட்டித் தொறந்து, கட்டிய நடுவுல கொடஞ்சு பொடியாக்கி எடுக்கணும். பெறகு அந்தச் சன்னல மூடிருவோம். தழும்பு முடிக்குள்ள மறஞ்சிரும்."

 விஷயத்தை டாக்டரிடம் மறைத்து வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்துகொள்வது சொர்ணகனிக்குப் பிடிக்கவில்லை.

"எடுத்தா மழ பெய்யும் டாக்டரம்மா."

ஹெப்சிபா நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷமாக மூக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். மூக்கைப் பற்றி மனிதர்கள் எதைச் சொன்னாலும் அவர் ஆச்சரியப்படுவதில்லை.

"எவ்வளவு பெய்யும்?"

"மூணு வருசத்து மழ பாக்கி இருக்கு."

"அப்பம் கொட கொண்டாந்திருவோம்" என்று சொல்லிவிட்டு அவர் மருந்துச் சீட்டை எழுதினார். "பங்குனிக்குள்ள வந்திருங்க. அதுக்கு மேல வந்தா கண்ணுக்கு நான் பொறுப்பில்ல. கூட ஒரு ஆள் வேணும், கையெழுத்துப் போட, ரத்தம் குடுக்க. அதுவரைக்கும் தாங்க முடியலன்னா இதுல ஒண்ணு போடுங்க, நல்லாக் கேக்கும்."

மாத்திரை அட்டையை அவள் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

தவசிமுத்து எல்லாவற்றையும் கேட்டான். கண்ணைத் துடைத்தான். பிறகு, "ஊரு சொல்லாம நான் எப்படிளா கையெழுத்துப் போடுவேன்?" என்றான்.

"நெத்தி எனக்குல்லா இருக்கு."

"நெத்தி ஒனக்குதான். வெயிலு ஊருக்கும்லா."

ஊர் இதைப் பேச ஆரம்பித்தது. எங்களுக்கு முதலில் தோன்றியது, டாக்டரம்மாவே தீங்கில்லாத கட்டி என்று சொல்லிவிட்ட பிறகு அதை எதற்கு எடுக்க வேண்டும் என்பதுதான். படித்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். சரி, எடுக்கட்டும், ஆனால் இந்த வாரு முடியட்டும் என்றார் ஒருவர். தூத்துக்குடியில் கப்பல் நிற்கிறது, ஏற்றுமதி போகட்டும் என்றார் அண்ணாச்சி. கொடை வருகிறதே, வானவேடிக்கைக்குச் சொல்லியாயிற்றே என்றார் பூசாரி. குடிதண்ணீர்க் கிணறெல்லாம் வற்றி லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கூட, குடத்துக்கு மேல் குடம் வைத்தபடி, "பாவம், எடுக்கத்தான் வேணும், ஆனா இப்பம் எதுக்கு" என்றார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் அவ்வளவு கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பிறகு என்றுதான் சொன்னோம்.

மாசி கடைசியில் சொர்ணகனி ஊர்க்கூட்டம் கேட்டாள். ஒரு பெண் கூட்டம் கேட்டது அதுதான் முதல் தடவை. மாலை போட்ட கழுத்து கேட்கும்போது மறுக்க முடியவில்லை.

எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. கூட்டம் அம்மன் கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் நடக்கும். முடிவு எடுத்ததும் கோயில் மணியை மூன்று தடவை அடிக்க வேண்டும், அடித்துவிட்டால் அந்த முடிவை அம்மனாலும் மாற்ற முடியாது. நடுவில் மழை வந்து கூட்டம் கலைந்தால், கலையாமல் மரத்தடியில் மிச்சம் இருக்கிறவர்கள் எடுப்பதே ஊர் முடிவு. இந்த முறையை ஏற்படுத்தியவர் தங்கப்பழம் அண்ணாச்சியின் தாத்தா. அவர் கூலி பேசுகிற கூட்டத்தை எப்போதும் ஐப்பசி மாதம் மேகம் பார்த்துத்தான் கூட்டுவார். தூறல் விழுந்ததும் வேலையாட்கள் அம்பாரத்துக்கு ஓலை போட ஓடுவார்கள். முதலாளிமார் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து கூலியை முடிவு செய்து மணியை அடித்துவிடுவார்கள். ஓலை போட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு மணி கேட்கும். அப்படித்தான் இரண்டு தலைமுறைக்கு எங்கள் கூலி முடிவாயிற்று, நாங்களும் முறை என்றால் முறைதான் என்று இருந்தோம்.

அன்றைக்கு வானத்தில் பொட்டு மேகம் இல்லை. முழு ஊரும் வந்திருந்தது. பேச்சு தொடங்குவதற்கு முன், சொர்ணகனி தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு குடித்தாள். தாகம் என்று நினைத்தோம். முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அண்ணாச்சி எழுந்து பேசினார். நல்ல பேச்சு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று தொடங்கி, இந்த ஊர் சொர்ணகனியை மறக்காது என்று சொல்லி, அவளுக்கு அளத்து வாசலில் ஒரு நிழற்குடை கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்.

"சொர்ணம், நீ எனக்கு ஒரு தங்கச்சி மாதிரி. ஒன் கண்ணு எங்களுக்கு முக்கியம் இல்லியா? ஆனா யாராவது ஒருத்தர் ஊருக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கிட்டாத்தான் ஊரு நல்லாருக்கும். இந்த ஒரு வாரு முடியட்டும் தாயி."

"மூணு வருசமா முடியுது அண்ணாச்சி."

"வலி எல்லாருக்கும் உள்ளதுதான. எனக்கும்தான் இடுப்பு வலிக்கி. நான் யார்ட்டயாவது சொல்லுதனா?"

அப்போது அண்ணாச்சியின் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் காக்கை என்று நினைத்து மேலே பார்த்தார். இரண்டாவது சொட்டு மூக்கில் விழுந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மூன்று வருஷமாகச் சிரிக்காத சொர்ணகனி சிரித்துவிட்டாள். மாத்திரையோடு சிரிப்பும் சேர்ந்ததா, வானம் கிழிந்துகொண்டு வந்தது. எங்கள் அம்பாரமெல்லாம் திறந்து கிடந்தது. மழை வராத ஊருக்கு ஓலை எதற்கு என்று முதல் வருஷமே அடுப்பெரித்திருந்தோம். வேலையாட்கள் ஓடினார்கள். முதலாளிமார், குடையை எங்கே வைத்தோம் என்றே மறந்துபோனவர்கள், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வேலையாட்களுக்கு முன்னால் ஓடினார்கள். அண்ணாச்சி தன் மேல்துண்டைக் கழற்றி மலை போன்ற உப்பின் மேல் போர்த்தப் பார்த்தார். செல்வின் மெடிக்கல் பேனரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். தவசிமுத்து விசிலை ஊதிக்கொண்டு ஓடி, பாதி வழியில் நின்று, திரும்பி மரத்தடியைப் பார்த்தான்; பிறகு அவனும் ஓடினான்.

மரத்தடியில் சொர்ணகனி இருந்தாள். ஒரு நாயும் இருந்தது. அவள் தன் கோரிக்கையைக் கூட்டத்துக்கு முறைப்படி எடுத்துச் சொல்லி, ஆட்சேபணை உண்டா என்று கேட்டாள். நாய் எதுவும் சொல்லவில்லை. அவள் கோயிலுக்குள் போய் மணியை மூன்று தடவை அடித்தாள்.

முழங்கால் வரை உப்புக் கரைசலில் நின்ற எங்களுக்கு மணி கேட்டது. என்ன முடிவு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊர் முடிவான பிறகு ஊர்க்காரன் மறுக்க முடியாதே. மறுநாள் தவசிமுத்துவே அவளைக் கூட்டிக்கொண்டு போனான், கையெழுத்துப் போட்டான், ரத்தமும் கொடுத்தான். அறுவை அறைக்குக் கொண்டுபோகும் முன்னால், மொட்டையடித்த தலையோடு கிடந்தவளிடம் குனிந்து, "ஏளா, ரொம்பவா வலிச்சுது?" என்று கேட்டான். மூன்று வருஷத்தில் அதை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. ராத்திரி ராத்திரியாக விசிறியவன் அதைக் கேட்டதே இல்லை. அவள் பதில் சொல்ல வாயைத் திறந்து, அழுதுவிட்டாள். அவனும் அழுதான். நர்ஸ் இரண்டு பேரையும் அதட்டிவிட்டு வண்டியைத் தள்ளினாள்.

ஹெப்சிபா சொன்னபடியே செய்தார். நெற்றித் தோலை மடக்கி, எலும்பில் சன்னல் வெட்டித் திறந்தார். உள்ளே நெல்லிக்காயை விடப் பெரிதாக, வெள்ளை வெளேரென்று, மழமழவென்று அது உட்கார்ந்திருந்தது. துளைக்கிற ஊசி தொட்டதும் வெளியே காற்று எழும்பியது. நடுவைக் குடையக் குடைய ஆஸ்பத்திரித் தகரக் கூரையில் சத்தம் கூடிக்கொண்டே போனது. கண்ணை ஒட்டியிருந்த கடைசித் துண்டை அவர் இடுக்கியால் மெல்ல விடுவித்து எடுத்தபோது, கரண்ட் போய், ஜெனரேட்டர் வந்து, ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. "கொட யாரு கொண்டாந்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஹெப்சிபா சன்னலைப் பழையபடி பொருத்தி மூடினார்.

மூன்று வருஷத்து மழையும் வட்டியோடு வந்தது. எங்கள் உப்பெல்லாம் எங்கிருந்து வந்ததோ அங்கே, கடலுக்கே, போய்ச் சேர்ந்தது. கிணறுகள் நிறைந்தன, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கட்டுப் பிரித்தபோது சொர்ணகனிக்கு முதலில் தெரிந்தது தவசிமுத்துவின் காதோர நரை. "இது எப்பம் வந்திச்சு?" என்றாள். வலி இல்லாமல் விடிந்த அந்தக் காலையை அவள் வெகுநேரம் நம்பவில்லை. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, யாரோ குடியிருந்து காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருக்கிறது என்று நர்ஸிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அவள் ஊர் திரும்பும் முன்பே அண்ணாச்சி ஆள் அனுப்பி எலும்பைக் கேட்டு வாங்கிவிட்டார். பரிசோதனைக்குப் போனது போக மிஞ்சிய துண்டு ஒன்றை ஒரு புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அளத்து வாசலில் நிழற்குடைக்கென்று வைத்திருந்த செங்கல்லில் ஒரு சின்னப் பீடம் எழும்பியது. புட்டிக்குப் பட்டுத்துணி, பூ, காலை மாலை சூடம். எலும்பின் மேலேயே மழை பெய்தது. சாமிக்கு மந்திரம் போதவில்லை என்று பூசாரி சொன்னார், மந்திரத்தைக் கூட்டினோம், மழையும் கூடியது. எலும்பு புட்டிக்குள் சுகமாக இருந்தது. அதற்கு எங்கேயும் வலிக்கவில்லை.

அந்தக் கோடையும் மழை விடவில்லை. எலும்பால் ஆகாது, வலிக்கிற ஆள் வேண்டும் என்று அண்ணாச்சி மறுபடியும் ஊர்க்கூட்டம் போட்டார். வேப்பமரத்தடியில் எல்லோரும் நனைந்துகொண்டே நின்றோம். ஊருக்காக யாராவது ஒருத்தர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் ஊரில் ஒரு அபிப்பிராய பேதமும் இல்லை. எல்லோரும் கையைத் தூக்கினோம். யார் அந்த ஒருத்தர் என்று கேட்டபோது கை இறங்கிவிட்டது. அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். தலையில் துளிர்த்த முடியோடு ஓரமாக நின்ற சொர்ணகனியிடம் பார்வை போய் நின்றது.

"சொர்ணம், லேசா, ஒரு ஓரத்துலயாவது வலி மிச்சம் இருக்கா தாயி?"

"இல்லியே அண்ணாச்சி. தொடச்சு எடுத்துட்டாக."

அப்போது மழை இன்னும் வலுத்தது. கிழக்குத் தெருவில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று யாரோ கத்தினார்கள். நாங்கள் ஓடினோம். அண்ணாச்சிக்கும் அந்தத் தெருவில் குடோன் இருந்தது, அவரும் ஓடினார். குடோன் வாசலில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கும்போது மணி கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

என்ன முடிவு எடுத்தாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. தவசிமுத்து கேட்டதற்குக் கூட, "ஊர் முடிவுதான்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

மறுநாள் விடிந்தபோது வானத்தில் பொட்டு மேகம் இல்லை. சுள்ளென்று வெயில். நாங்கள் தெருவுக்கு ஓடிவந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம், பாத்தியை இறைக்க ஓடினோம், பெண்கள் குலவை போட்டார்கள். யார் அந்தப் புண்ணியவான் என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டு போனபோது, தங்கப்பழம் அண்ணாச்சி இடது புருவத்தைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஊரே அவர் காலில் விழுந்தது. பூசாரி மாலையோடு வந்தார். யாரும் சிரிக்காதீர்கள் என்று தவசிமுத்து விசில் ஊதினான்.

சொர்ணகனி அந்த வெயிலைப் பார்த்துவிட்டு, ஈரவாடை அடித்துக்கொண்டிருந்த சேலை ஒன்றை நன்றாகக் கும்மித் துவைத்துப் பிழிந்து கொடியில் விரித்தாள்.

அண்ணாச்சி மாலையைக் கழற்றிவிட்டு நேராகச் செல்வின் மெடிக்கலுக்குப் போனார். அவருக்கு ஸ்டாக் இருந்தது. அவர் ஊருக்காக எவ்வளவு நேரம் வலியைப் பொறுத்தார் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவ்வளவு நேரம்தான் வெயில் அடித்தது. சொர்ணகனியின் சேலை காயவில்லை.